சூரைக்கு விழுந்த சொறிப் பழி

நெல்லைச் சீமையில் இந்த மீனுக்கு இரண்டு பெயர்கள். உவரிக் கரையில் அது சூரை. செய்தித்தாளில் அது டூனா. பெயருக்கு ஏற்றபடி மதிப்பும் மாறுகிறது. டூனா என்றால் ஜப்பானில் கோடிகளில் ஏலம், ஆழ்கடல் படகுக்கு அரசு மானியம், மே 2 அன்று ஐ.நா. அறிவித்த உலக டூனா நாள். சூரை என்றால் கரப்பான் மீன். தின்றால் உடம்பு தடிக்கும், அரிக்கும். பிள்ளைக்குக் கொடுக்காதே, சிரங்கு உள்ளவர் தொடாதே.

செய்தியைப் படித்துவிட்டு மீன் கடைக்குப் போகிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. உலகம் போற்றும் மீன் இதுதானா? இதுவேதான் என்றால் இங்கே சீலாவின் (வஞ்சிரம்) விலையில் பாதிக்கும் கீழே ஏன் கிடக்கிறது? சொறி என்பது வெறும் பேச்சா?

பேச்சு இல்லை. பாட்டிமார் கண்டது உண்மை. காரணத்தைத்தான் மீனின் மேல் போட்டுவிட்டார்கள். அரிப்பும் விலைச் சரிவும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: செத்த பிறகு அந்த மீன் எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது என்பதில். அதைப் புரிந்துகொள்ள மீனின் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த மீனைச் சூரை என்கிறோம்

முதலில் எழுத்து. இது இடையின ரகரம் போட்ட சூரை. கோயிலில் உடைக்கும் சூறைத் தேங்காய்க்கு வல்லின றகரம். காட்டில் முள்ளோடு நிற்கும் சூரைச் செடிக்கும் மீனுக்கும் எழுத்து ஒன்று, உறவு இல்லை.

சூரையும் சீலாவும் அயிலையும் (கானாங்கெளுத்தி) ஒரே குடும்பத்து மீன்கள். மூன்றின் வாலருகே முதுகிலும் அடிவயிற்றிலும் ரம்பப் பல் போலச் சிறு சிறு துடுப்புகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் உறவு புரியும். டூனா என்ற சொல் இந்தக் குடும்பத்தின் ஒரு கிளையைக் குறிக்கிறது. கூட்டப்புளியிலிருந்து கூடுதாழை வரை உள்ள நெல்லைக் கரையில் பேச்சில் வருபவை இவை:

1. சூரை. கரையை ஒட்டி வாழ்வது. முதுகின் பின்பாதியில் சாய்ந்த கருவரிகள். மார்புத் துடுப்புக்குக் கீழே சில கரும்புள்ளிகள். வெறுமனே சூரை என்றால் பெரும்பாலும் இதுதான்.

2. எலிச்சூரை. சிறியது, உருண்டது. குழம்புக்கு முழு மீனாக வாங்கத் தோதானது. வேகமாகக் கெட்டுப்போவதும் இதுதான்.

3. வரிச்சூரை. வயிற்றில் நீளவாக்கில் நான்கு முதல் ஆறு கோடுகள். உலகில் வணிகத்துக்காகப் பிடிக்கப்படும் முக்கிய டூனா இனங்களில் பாதிக்கும் மேல் இந்த ஒரே இனம். டப்பாவில் அடைபடுவது பெரும்பாலும் இது.

4. கேரை. மஞ்சள் துடுப்புச் சூரை என்று செய்திகள் எழுதுவது இதை. அரிவாள் போல் வளைந்த நீண்ட மஞ்சள் துடுப்புகள். ஆளுயரத்துக்கு மேல் வளரக்கூடியது. ஏற்றுமதிக்காரர் கண் வைப்பது இதன்மேல்தான்.

ஜப்பான் ஏலச் செய்தியில் வரும் மீன் இந்தப் பட்டியலில் இல்லை. 2019 ஜனவரியில் டோக்கியோவின் தொயோசு சந்தையில் 278 கிலோ எடையுள்ள ஒற்றை மீன் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. அது பசிபிக் கடலின் நீலத்துடுப்புச் சூரை. அதுவும் புத்தாண்டின் முதல் ஏலம். விளம்பரத்துக்காகவே விலை ஏறும் நாள். அந்த எண்ணை உவரி ஏலத்தோடு ஒப்பிடுவது, திருமண வீட்டு மொய்யை வைத்துக் கூலியைக் கணக்குப் போடுவது போன்றது.

நிற்கத் தெரியாத மீன்

பெரும்பாலான மீன்கள் செவுள் மூடியை அசைத்து நீரை இழுத்து மூச்சுவிடும். சூரையால் அது முடியாது. வாயைத் திறந்தபடி முன்னோக்கி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் நீர் பாயும். பிறந்ததிலிருந்து சாகும்வரை, இரவிலும், ஓட்டம்தான். நின்றால் மூச்சு முட்டிச் சாகும்.

ஓயாமல் ஓடும் தசைக்கு உயிர்வளி ஏராளமாக வேண்டும். அதைச் சேமித்து வைக்கும் சிவப்புப் புரதம் தசையில் நிறைந்திருப்பதால்தான் சூரை இறைச்சி ஆட்டுக்கறி நிறத்தில் இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டி இன்னும் அடர்ந்த கருஞ்சிவப்புச் சதை ஓடும். வீடுகளில் இரத்தச் சதை என்று வெட்டி எறிவதும் பூனைக்குப் போடுவதும் அதைத்தான். அது கெட்ட இரத்தம் இல்லை. ஓட்டத்துக்கான இயந்திரமே அதுதான்.

இனி வரும் செய்திதான் முக்கியம். மீன் என்றால் குளிர்ந்த உடம்பு என்று பள்ளியில் படித்திருப்போம். சூரை விலக்கு. உழைக்கும் தசையில் பிறக்கும் சூட்டை அது கடலுக்கு விட்டுவிடுவதில்லை. தசையிலிருந்து வெளியே போகும் சூடான இரத்தக் குழாய்களும், செவுளிலிருந்து உள்ளே வரும் குளிர்ந்த இரத்தக் குழாய்களும் மயிரிழைகளாகப் பிரிந்து பக்கம் பக்கமாக எதிர்த்திசையில் ஓடுகின்றன. போகும் இரத்தம் தன் சூட்டை வரும் இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. இதனால் சூரையின் தசை சுற்றியுள்ள நீரைவிடச் சில பாகை (டிகிரி செல்சியஸ்) கூடுதல் வெப்பத்தில் இருக்கிறது. குளிர்க்கடலில் திரியும் பெரிய நீலத்துடுப்பில் இந்த வேறுபாடு பத்துப் பாகையைத் தாண்டும்.

உயிரோடு இருக்கும்வரை இது வரம். வேட்டையில் வேகம் தருகிறது. செத்த கணத்திலிருந்து இதே சூடு வினையாகிறது. தூண்டிலிலோ வலையிலோ மாட்டித் துடிக்கும்போது சூடு இன்னும் ஏறும். ஏற்கெனவே 28 பாகை உள்ள நம் கடலில், சூடு அடங்காத கனத்த உடம்பு ஒன்று இறந்து கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

சொறி எங்கிருந்து வருகிறது

சூரை, அயிலை போன்ற ஓட்டக்கார மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. அது தீங்கற்றது, நம் உடம்புக்கும் தேவையானது. மீனின் செவுளிலும் குடலிலும் இயல்பாகவே வாழும் சில பாக்டீரியாக்கள், மீன் செத்ததும் தசைக்குள் இறங்கி இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன.

ஹிஸ்டமின் நமக்குப் புதிதல்ல. கம்பளிப்பூச்சி பட்ட இடம் தடிப்பது, தூசியில் மூக்கு ஒழுகுவது எல்லாம் நம் உடம்பே சுரக்கும் ஹிஸ்டமினின் வேலை. கெட்ட சூரையைத் தின்பவர் அதே பொருளை வெளியிலிருந்து தட்டு நிறைய உள்ளே அனுப்புகிறார். சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவக்கும்; தோல் தடிக்கும், அரிக்கும்; தலை வலிக்கும்; நெஞ்சு படபடக்கும்; சிலருக்கு வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே தணிந்துவிடும். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ, ஏற்கெனவே ஆஸ்துமாவோ இதயநோயோ இருந்தாலோ மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் போக வேண்டும்.

இந்தப் பொருளைப் பற்றி மூன்று செய்திகள் தெரிந்தால் சூரையைப் பற்றிய குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்:

1. சமைத்தால் போகாது. கொதி, பொரியல், புகை, உப்பு, உறைகுளிர் எதுவும் உண்டான ஹிஸ்டமினை அழிப்பதில்லை. கருவாட்டிலும் அது அப்படியே இருக்கும். நன்றாகக் கொதிக்க விட்டோமே என்று வியப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

2. மணத்தில் தெரியாது. நாற்றம் எழுவதற்கு முன்பே அளவு மீறியிருக்கலாம். சில நேரம் நாக்கில் மிளகு கடித்தது போன்ற ஓர் எரிச்சல் வரும். மிளகு போடாத குழம்பில் அப்படி இருந்தால் அடுத்த கவளம் வேண்டாம்.

3. இது ஒவ்வாமை அல்ல. மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு எவ்வளவு புதிய மீன் என்றாலும் ஒத்துக்கொள்ளாது. இங்கே அப்படி இல்லை. அன்றைய மீனைத் தின்ற அனைவருக்குமே அரிக்கலாம், அடுத்த வாரம் வேறு மீனைத் தின்றால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் போகலாம். வித்தியாசம் தெரியாமல், ஒரே ஒரு நாள் தடித்ததற்காக ஆயுள் முழுக்க மீனை விட்டவர்கள் உண்டு. குடும்பத்தில் வேறு யாருக்கெல்லாம் அரித்தது என்ற கேள்வியை மருத்துவரிடம் நாமே எடுத்துச் சொல்வது நல்லது.

உலக உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, டப்பாச் சூரையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமினை மேல் வரம்பாக வைத்திருக்கிறது. ஏற்றுமதி மீன் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் போகிறது. தெருவுக்கு வரும் மீனுக்கு அப்படி ஒரு சோதனை நடப்பதில்லை.

வலையிலிருந்து வாசல் வரை ஒரு கணக்கு

இப்போது பழியின் மையத்துக்கு வருகிறோம். 28 பாகைக்கு மேற்பட்ட காற்றிலோ நீரிலோ இருந்த மீனை, அது செத்ததிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஐஸில் வைத்துவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி. கடிகாரம் கரையில் தொடங்குவதில்லை, மீனின் கடைசித் துடிப்பில் தொடங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு சூரையின் பயணத்தைப் பின்தொடர்வோம்.

மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் பருவலையை அந்தியில் பாய்ச்சிவிட்டு விடியலுக்கு முன் இழுப்பார்கள். நின்றால் சாகும் மீன் என்று பார்த்தோம். செவுள் மாட்டிச் சிக்கிய சூரை சற்று நேரத்தில் வலையிலேயே இறந்துவிடும். மாலை எட்டு மணிக்குச் சிக்கிய மீன் காலை மூன்று மணிக்கு வள்ளத்தில் ஏறினால், ஏழு மணி நேரம் வெதுவெதுப்பான கடலிலேயே கழிந்துவிட்டது. அதே வலையில் இன்னொரு மீன் இரண்டரை மணிக்கு மாட்டியிருக்கலாம். இரண்டும் ஒரே குவியலில் கிடக்கும். பார்வைக்கு வேறுபாடு சொல்ல முடியாது. ஒரே ஏலத்தில் வாங்கிய மீனில் ஒரு வீட்டுக்கு அரிப்பதும் பக்கத்து வீட்டுக்கு அரிக்காததும் இதனால்தான்.

பிறகு கரை. சிறு வள்ளத்தில் இடம் குறைவு; ஐஸ் பெட்டி ஏற்றினால் எடை கூடும், எரிபொருள் கூடும். கரையில் மணலில் கொட்டி ஏலம். அங்கிருந்து இருசக்கர வண்டிப் பெட்டியில் திசையன்விளை, வள்ளியூர், நாங்குநேரி என்று போகும். உவரியிலிருந்து நெல்லை நகரம் அறுபது கிலோமீட்டருக்கும் மேல். தென்காசிப் பக்கம் இன்னும் தூரம். வண்டிக்காரர் ஊர் ஊராக நிறுத்தி விற்றுப் போகையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெட்டி திறக்கும், கை நுழையும், வெயில் நுழையும். மீனின் எடைக்கு ஏறத்தாழச் சம எடை ஐஸ் வேண்டும் என்பது நம் வெயிலுக்கான பொதுக் கணக்கு. மேலே தூவிய ஒரு பிடி ஐஸ் கண்துடைப்பு.

சீலாவும் இதே பெட்டியில்தான் வருகிறது. ஆனால் விலை உயர்ந்த மீனுக்கு ஐஸ் போட வியாபாரிக்குக் கட்டுப்படியாகிறது. மலிவான சூரைக்கு ஐஸ் செலவு லாபத்தைத் தின்றுவிடும். ஐஸ் இல்லாததால் மீன் கெடுகிறது. கெடுவதால் பேர் கெடுகிறது. பேர் கெடுவதால் விலை விழுகிறது. விலை விழுவதால் ஐஸ் போட ஆளில்லை. இந்தச் சுழலைத்தான் நாம் கரப்பான் மீன் என்ற ஒற்றைச் சொல்லில் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான வேலையைப் பார்த்தால் டோக்கியோ விலையில் ஒரு பகுதிக்குக் காரணம் கிடைக்கும். பச்சையாகத் தின்பதற்கான சூரையை ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். துடிக்க விடாமல் மூளையில் குத்திக் கொல்கிறார்கள். இரத்தம் வடிக்கிறார்கள். பாக்டீரியாவின் வீடான செவுளையும் குடலையும் உடனே எடுத்துவிட்டு, ஐஸ் கலந்த நீரில் இறக்கி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்த விலையில் கைவேலைக்கும் குளிருக்கும் உரிய பங்கு பெரிது.

அடுக்களையில்

வாங்கும்போது கண் தெளிவையும் செவுள் நிறத்தையும் பார்ப்பது சரிதான்; சூரையில் அது போதாது. எப்போது வந்தது, எதில் வந்தது என்று கேளுங்கள். பெட்டியில் கைவிட்டுப் பார்த்தால் மீன் விரலைச் சுடுவது போல் குளிர்ந்திருக்க வேண்டும். நண்பகலுக்குப் பின் ஐஸ் இல்லாத தட்டில் கிடக்கும் எலிச்சூரை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் குடல் நீக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மசாலா தடவி, ஊறட்டும் என்று மேடையில் இரண்டு மணி நேரம் விடுவது சூரைக்கு ஆகாது. மஞ்சளும் உப்பும் புளியும் போட்டாயிற்றே என்ற நம்பிக்கை வேண்டாம்.

சுவையைப் பற்றியும் ஒரு குறை உண்டு: குழம்பில் சூரை கட்டை போல் ஆகிவிடுகிறது என்பார்கள். அதில் கொழுப்பு மிகக் குறைவு. சீலாவுக்குக் கொடுக்கும் நேரம் கொதிக்க விட்டால் நீர் முழுதும் பிழிந்து வெளியேறிவிடும். தேங்காய் அரைத்த குழம்பு கொதித்துக் கூடி வந்த பிறகு கடைசியில் துண்டுகளைப் போட்டு இறக்குவது ஒரு வழி. வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துப் புட்டாகக் கிளறுவது இன்னொரு வழி. சுறாப்புட்டுக்குப் பழகிய கைக்கு இது எளிது. இரத்தச் சதையில் இரும்புச் சத்து கூடுதல், அதனாலேயே காற்றுப் பட்டால் விரைவில் காறிப்போகும். மீன் புதியதானால் அதை எறியக் காரணம் இல்லை.

டப்பாவும் பாதரசமும்

டப்பாச் சூரை 1903-இல் கலிபோர்னியாவில் சாளை (மத்தி) கிடைக்காத ஒரு பருவத்தில் மாற்று மீனாகத் தொடங்கியது. இப்போது நெல்லைக் கடைகளிலும் கிடைக்கிறது. அடைத்தபின் உயர் வெப்பத்தில் வேகவைப்பதால் பாக்டீரியா இராது. திறந்தபின் மிச்சத்தை வெளியில் வைத்தால் கதை மாறும்.

பாதரசக் கேள்வி வேறு. கடல்நீரில் மிகச் சிறிதளவு உள்ள பாதரசம், சிறு மீனைத் தின்னும் பெரிய மீனின் உடம்பில் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. எனவே மீனின் இனமும் வயதும்தான் அளவைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சோதனைகளில் கிலோவுக்குச் சராசரியாக வரிச்சூரையில் 0.144 மில்லிகிராம், மஞ்சள் துடுப்பில் 0.354, ஆழத்தில் வாழும் பெருங்கண் சூரையில் 0.689. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் பெருங்கண் சூரையைத் தவிர்க்க வேண்டும், பெரிய கேரையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை சிறிய வரிச்சூரைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அரிப்புக்கும் பாதரசத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

கடலில் மிச்சம் எவ்வளவு

சூரை எல்லை அறியாத மீன். இன்று கன்னியாகுமரிக்குத் தெற்கே திரியும் கேரை சில மாதங்களில் ஆப்பிரிக்கக் கரையருகே இருக்கலாம். எனவே கணக்கு வைப்பதும் பல நாடுகள் சேர்ந்துதான். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 1996 முதல் செயல்படுகிறது, தலைமையகம் செஷல்ஸில். இந்தியா உறுப்பு நாடு. மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று 2015-இல் இது எச்சரித்தது. 2024 மதிப்பீடு நிலை தேறியிருப்பதாகச் சொல்கிறது. வரிச்சூரைக்கு இப்போதைக்கு அச்சமில்லை.

பெரிய சண்டை மிதவைகளைப் பற்றியது. கடலில் மிதக்கும் எதன் அடியிலும் மீன் கூடும் என்பது எல்லா மீனவர்களுக்கும் தெரிந்ததே. தொலைதூர நாட்டு ராட்சதப் படகுகள் செயற்கைக்கோள் கருவி பொருத்திய மிதவைகளைக் கடலில் விட்டு, கூடிய மீனைச் சுருக்குவலையால் மொத்தமாக வளைக்கின்றன. வரிச்சூரையோடு இன்னும் முட்டையிடாத கேரைக் குஞ்சுகளும் போய்விடுகின்றன. மாலத்தீவில் சூரைக்கு வலையே கூடாது. பெரும்பாலும் கம்புத் தூண்டிலிலோ கைத்தூண்டிலிலோ ஒவ்வொன்றாகத்தான்.

நம் அரசுகளும் சூரையை நோக்கிப் படகுகளைத் திருப்பப் பார்க்கின்றன. பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக, நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் கோத்த ஆயிரங்கால் தூண்டில் போடும் ஆழ்கடல் படகுத் திட்டம் 2017-இல் தொடங்கியது. அப்போது படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் பங்கு. எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் சேரவில்லை. நாள் கடலுக்குப் போய் வீடு திரும்புகிறவரை வாரக்கணக்கில் கடலில் இருக்கச் சொல்வது வெறும் படகு மாற்றம் இல்லை. தவிர, திட்டம் பாக் நீரிணைக்கானது. இடிந்தகரை, கூத்தங்குழி வள்ளக்காரருக்கு ஆழ்கடல் படகைவிட முதலில் பயன்படக்கூடியது, கரையிலேயே காலை நான்கு மணிக்குக் கிடைக்கும் மலிவான ஐஸ் என்பது என் கணிப்பு.

ஐஸ் இல்லாத காலத்து விடை

ஐஸ் இயந்திரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் உண்டு. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் வரிச்சூரையைத் தூண்டிலில் உயிரோடு தூக்கி, அன்றே கரை சேர்த்து, வெட்டி உப்புநீரில் வேகவைத்து, புகையிட்டு, கல்லாகும்வரை வெயிலில் உலர்த்தினார்கள். அதுதான் மாசி. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் நீதிபதியாக இருந்த இபன் பதூதா இதைத் தின்றவர், இது இந்தியாவுக்கு ஏற்றுமதியானதையும் எழுதிவைத்தவர்.

அதன் தந்திரம் வரிசையில் இருக்கிறது. வலையில் செத்து ஊறுவதில்லை. எனவே கடிகாரம் தாமதமாகத் தொடங்குகிறது. ஹிஸ்டமின் உண்டாவதற்கு முன்பே கொதிநீர் பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது. பின் வரும் புகையும் வெயிலும் புதிதாக எதுவும் வளர ஈரம் விடுவதில்லை. நம் கரையில் விற்காமல் மிஞ்சிய சூரையைக் கடைசியில் கருவாடாக்குவது இதன் தலைகீழ்: கெட்ட பிறகு உலர்த்துகிறோம்.

1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த காயல்பட்டினத்தில் மாசி இன்றும் அன்றாடப் பண்டம். இடித்துத் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பலாக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். சூரை என்றால் அரிக்கும் என்று ஒதுக்குகிற வீட்டுக்காரர்களும் விருந்துக்குப் போன இடத்தில் அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்பதுண்டு, மாசியும் சூரைதான் என்று அறியாமல்.